அஞ்சலில் வந்தால் அறிவு மட்டமோ?

"எந்தக் கல்லூரி அம்மா?" என்று கேட்கிறார் மேசைக்கு அப்பால் அமர்ந்த சீமான். "கல்லூரி இல்லை ஐயா, அஞ்சல் வழியிலே படித்தேன்" என்கிறாள் பஞ்சாலையிலிருந்து வந்த பெண். "ஓ! கரஸ்பாண்டன்ஸா?" ஒரு சொல், உதட்டோரத்திலே ஒரு சிரிப்பு, தேர்வு முடிந்தது! பகலெல்லாம் எந்திரத்தின் முன் நின்ற கால்கள், இரவெல்லாம் ஏட்டின் முன் விழித்த கண்கள், மூன்றாண்டு உழைப்பு, மூன்றே நொடியிலே மண்ணாயிற்று.

நான் எழுதும் நாடகத்தின் காட்சி அல்ல தோழர்களே, நாள்தோறும் நடப்பது! உரிய ஒப்புதலோடு வழங்கப்படும் தொலைநிலைப் பட்டமும் கல்லூரிப் பட்டமும் சமம் என்று 2022ஆம் ஆண்டு செப்டம்பரிலே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. அறிவிப்பு சுவரிலே தொங்குகிறது. ஏளனமோ நாற்காலியிலே கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறது.

ஏளனம் செய்வோர் எந்தச் சீமையைப் போற்றுகிறார்களோ, அந்தச் சீமையின் இலண்டன் பல்கலைக்கழகம், கல்லூரியிலே காலடி வையாதவரும் எம் தேர்வை எழுதலாம் என்று 1858லேயே கதவைத் திறந்துவிட்டது. அதே நாட்டின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி எதுவும் கேளாமல் 1971ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. சிறையிலே கிடந்தபடியே படித்து, 1989ல் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டம் பெற்றவர் நெல்சன் மண்டேலா. அவரைப் பார்த்தும் "கரஸ்பாண்டன்ஸா?" என்று கேட்பாரோ நம் சீமான்!

நம் நாட்டிலே 1962ல் டில்லிப் பல்கலைக்கழகம் வழிகாட்டிற்று. தமிழகத்திலே 1971ல் மதுரை, 1979ல் அண்ணாமலை தொடர்ந்தன. 2002ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. யாருக்காக? பத்து மைல் நடந்தாலும் கல்லூரி காணாத சிற்றூர்ப் பெண்ணுக்காக; தந்தை விழுந்ததும் ஏர் பிடிக்க வந்த மூத்த மகனுக்காக; பேருந்திலே சீட்டுக் கிழித்துக்கொண்டே பட்டக் கனவு காணும் நடத்துநருக்காக!

அந்தக் கதவிலேதான் 2020ஆம் ஆண்டு விதி ஒரு பூட்டைப் பூட்டிற்று. வளாகம் வைத்து நடத்தும் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வி தர வேண்டுமானால், தேசிய மதிப்பீட்டுக் குழுவிடம் நான்குக்கு 3.01 புள்ளி பெற வேண்டும். அல்லது தேசியத் தரவரிசையில் முதல் நூற்றுக்குள் நிற்க வேண்டும். தரத்தை வரையறுப்பது ஒன்றியப் பட்டியலின் 66ஆம் இனம் எமக்குத் தந்த அதிகாரம் என்று சட்டத்தைப் புரட்டிக் காட்டுவர். காட்டட்டும்! அளப்பது எதை? ஆராய்ச்சி எத்தனை, ஆசிரியர் எத்தனை, வளாகத்திலே வசதி எத்தனை என்று அளக்கிறார்கள். பாடக்கட்டு குறித்த நாளிலே சிற்றூர் போய்ச் சேர்ந்ததா என்பதன்றோ தொலைநிலைக் கல்விக்கு முதல் அளவுகோல்!

இதிலே ஒரு சுழலும் உண்டு. ஆசிரியர் பணியிடம் காலியாகிறது, புள்ளி சரிகிறது. புள்ளி சரிந்தால் ஒப்புதல் போகிறது, அதோடு தொலைநிலைக் கட்டண வருவாயும் போகிறது. வருவாய் போன பல்கலைக்கழகம் ஆசிரியரை எங்ஙனம் அமர்த்தும்? மாநிலப் பல்கலைக்கழகங்களின் காலியிடங்களை நிரப்பப் பணம் தர வேண்டியது டில்லி அல்ல, சென்னைக் கோட்டை. நம்மவர் முகம் சுளித்தாலும் இதையும் சொல்லியாக வேண்டும்.

பல்கலைக்கழகங்கள் மட்டும் பத்தரைமாற்றுத் தங்கமா? தொலைநிலை மாணவனைப் பால்மாடாகக் கண்டவர்கள் அவர்கள்! கறந்தார்கள், கறந்தார்கள், வைக்கோல் போட மறந்தார்கள். அடிப்படைப் பட்டம் இல்லாதவருக்கும் திறந்தநிலை முறையிலே முதுகலைப் பட்டம் வழங்கினார்கள். செல்லாது என்றது 2009ல் உச்சநீதிமன்றம். கட்டணம் வாங்கியவர்களுக்கு நட்டமில்லை. சான்றிதழைச் சட்டமிட்டு வீட்டிலே மாட்டியவன்தான் தெருவிலே நின்றான்.

என் கதையும் அதுதான். குடும்பச் சுமையால் இரண்டாம் ஆண்டிலே கல்லூரியை விட்டவன் நான். மேடையும் நாடகமும் சோறு போடத் தொடங்கிய பின்னர் வரலாறு படிக்க ஆசைப்பட்டு, ஒரு பல்கலைக்கழகத்துக்குப் பணம் கட்டினேன். பெயர் வேண்டாம். தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள் பாடக்கட்டு வந்து சேர்ந்தது! பிரித்தால், என் தந்தை காலத்து எழுத்து. தபால்காரர் வருந்தினார், பல்கலைக்கழகம் வருந்தவில்லை. மறு ஆண்டு பணம் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வெறும் வாழ்க, ஒழிக போதாது. தமிழகத்திலே 388 ஊராட்சி ஒன்றியங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியை ஞாயிறுதோறும் நேர்முக வகுப்புக்குத் திறந்துவிடுவதிலே என்ன தடை? கூலியை இழந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, மாவட்டத் தலைநகருக்கு விடியற்காலைப் பேருந்து பிடிக்கும் தாய்க்குத் தேர்வு மையம் வட்டத் தலைநகரிலேயே கிடைக்கட்டும். பாடநூல் தமிழிலே, புதிதாக, வகுப்புத் தொடங்குமுன் வரட்டும். தேர்வுக்கு முன் பாடக்கட்டு வரவில்லையானால் கட்டணத்தைத் திருப்பித் தரட்டும்!

மே முதல் நாள், ஆகஸ்ட் 15, அக்டோபர் 2: கிராமசபை கூடும் நாட்கள். இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி, உங்கள் ஊரிலே அஞ்சல் வழியிலே படிப்போரை முன்வரிசையிலே அமர்த்தி, அவர்கள் வாயாலேயே படிக்கச் செய்யுங்கள் தோழர்களே. நிறைவேறிய படி ஒன்று மாவட்ட ஆட்சியருக்கு, ஒன்று பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. அஞ்சலிலேயே அனுப்புங்கள். அஞ்சலில் வருவதை அவர்களும் கொஞ்சம் படித்துப் பார்க்கட்டும்!