தை மாதத் தீயும் பங்குனித் தீயும்



முதலாண்டு ஒர்க்‌ஷாப்பில் நாம் படித்த முதல் பாடம் ஃபைலிங் அல்ல, ஃபிட்டிங் அல்ல. சுவரில் மாட்டியிருந்த தீ முக்கோணம்தான். வெப்பம், எரிபொருள், ஆக்ஸிஜன். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ அணையும். பரீட்சைக்கு இரண்டு மார்க். எழுதினோம், மறந்தோம். எனக்கு மட்டும் அது மறக்கவில்லை.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கிக்கொண்டார்கள். 23 உயிர்கள் போயின. சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. மறுநாள் அம்பத்தூரில் எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்துப் போர்ஷன் அண்ணன், "மலைக்காரனுங்கதான் கொளுத்தி விட்டிருப்பானுங்க" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து டி.வி.யை நிறுத்திவிட்டார்.

அப்பா பிறந்தது ஜவ்வாது மலையில். எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது. ஊர் எது என்று யாராவது கேட்டால் இன்றும் "திருவண்ணாமலைப் பக்கம்" என்று மட்டும்தான் சொல்வார்.

போன பொங்கல் லீவில் மலைக்குப் போனபோது ஆயாவிடம் நேராகவே கேட்டேன். "ஏன் ஆயா, நம்மாளுங்க காட்டைக் கொளுத்துவாங்களா?" ஆயா சிரித்தது. "கொளுத்துவோம்டா. தை மாசத்துல. பனி ஈரம் இருக்கும், சருகு மட்டும் எரியும், நெருப்பு முட்டிக்கு மேல வராது. பங்குனியில கொளுத்துனா அது நெருப்பில்ல, பேய். கேஸு போடுவாங்கன்னு எல்லாத்தையும் வுட்டுட்டோம். இப்ப சருகு முழங்கால் ஆழம் கெடக்குது."

தீ முக்கோணத்தில் எரிபொருள் என்ற பக்கத்தைப் பள்ளிக்கூடம் போகாத ஆயா இப்படிச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றும் மலையில் உண்டு: சரிவு. மேட்டில் ஏறும் தீ, மேலே உள்ள புல்லைத் தொடுவதற்கு முன்பே சூடாக்கிக் காயவைத்துவிடும். பத்து டிகிரி சரிவு கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது உலகெங்கும் காட்டுத் தீயை அணைப்பவர்கள் கையாளும் கணக்கு. காய்ந்த புல் நிறைந்த செங்குத்துச் சரிவில் பங்குனி வெயிலில் தீ பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு கால்குலேட்டர் வேண்டாம்.

ஆயா சொல்வது வெறும் பாட்டி வைத்தியமா? நானும் அப்படித்தான் சந்தேகப்பட்டேன். தேடிப் படித்தேன். கர்நாடகத்தில், சத்தியமங்கலத்துக்கு வடக்கே, பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள் இதே போலச் சருகுக்குத் தீ வைக்கும் வழக்கம் வைத்திருந்தார்கள். 1974ல் அந்தக் காடு சரணாலயம் ஆனது. தீ வைப்பதும் நின்றது. தீ நின்ற பிறகுதான் உண்ணிச்செடி காட்டை அடைத்தது என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்றும் சோளகர்கள் சொன்னார்கள். பெங்களூர் அட்ரீ நிறுவனத்தாரும் வேறு ஆய்வாளர்களும் இதைக் கேட்டு, ஒதுக்கித் தள்ளாமல், அளந்து பார்த்து 2010லும் 2012லும் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். புத்தகம் படித்தவர்கள் காட்டுக்காரர் பேச்சை எழுதிக்கொண்ட அபூர்வமான சமாச்சாரம் இது.

ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது பட்டிமன்றம் ஆகிவிடும். உண்ணிச்செடிக்குக் காரணம் தீ இல்லாததா, அடிக்கடி வருகிற தீயா என்பதில் விஞ்ஞானிகளே ஒத்துப்போகவில்லை. நம் முதுமலைக் காட்டை ஆராய்ந்து 2004ல் வந்த ஆய்வு, எண்பது ஆண்டுகளில் தீ வரும் வேகம் மூன்று மடங்கு கூடிவிட்டதாகச் சொல்கிறது. மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை எரிந்தால் இளங்கன்று எப்படி மரமாகும்? அதனால் "கொளுத்துங்கள்" என்று நான் சொல்ல வரவில்லை. எப்போது, எங்கே, எவ்வளவு என்று முடிவு செய்கிற இடத்தில் ஆயாவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள் என்கிறேன். 1882ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் காலத்து வனச் சட்டம் அங்கே போட்டு வைத்திருப்பது குற்றவாளிக் கூண்டு மட்டும்தான்.

இன்று டேராடூனில் உள்ள இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டுபிடித்து செல்போனுக்கே தகவல் அனுப்புகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் அதன் ஒரு புள்ளி என்பது தரையில் 375 மீட்டர். அதற்குள் எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தப் பக்கம் காற்று என்பது, பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு தீயை அடிக்க ஓடுகிற உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். குரங்கணியிலும் முதலில் ஓடியவர்கள் ஊர்க்காரர்கள்தானே! 2024ல் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்திருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். அப்பாவிடம் சொன்னேன். "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். ராத்திரி சாப்பிடும்போது மறுபடியும், "எவ்வளவுடா சம்பளம் குடுப்பாங்க?" என்றார்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் என்.எஸ்.எஸ். முகாம் என்று பூந்தமல்லிப் பக்கம் போய் ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற கோயில் வாசலைப் பெருக்கி போட்டோ எடுத்துக்கொள்கிறோம் (நானும் அந்த போட்டோவில் இருக்கிறேன்). இந்த முறை ஜவ்வாது மலைக்குப் போய், வனத்துறை அனுமதியோடு, தீத்தடுப்புக் கோடு எடுக்கும் வேலையில் ஒரு வாரம் கை கொடுப்போம். சிவில்காரர்கள் சரிவை அளக்கலாம், மெக்கானிக்கல்காரர்கள் அரிவாளுக்கும் மண்வாரிக்கும் பிடி போட்டுக் கொடுக்கலாம். எங்கள் வீட்டில் பத்துப் பேர் தங்க இடம் உண்டு, சாமைச் சோறும் உண்டு. அனுமதிக் கடிதம் மட்டும் கார்த்திகையிலேயே போய்விட வேண்டும். மாசி பிறந்துவிட்டால் புல் காய்ந்துவிடும்.