அணைத்தால் காசு

2023 ஜனவரி 23, திங்கள்கிழமை. பிரிட்டனில் உறைய வைக்கும் குளிர். காற்றாலைகளைச் சுற்ற வைக்கக் காற்றும் இல்லை. அன்று மாலை 5 மணியிலிருந்து 6 மணி வரை பல லட்சம் வீடுகளில் மின்அடுப்பு அணைந்திருந்தது, வாஷிங் மெஷின் சும்மா நின்றது. யாரும் அவர்கள் வீட்டுக் கரண்டை நிறுத்தவில்லை. ‘இந்த ஒரு மணி நேரம் செலவைக் குறைத்துக்கொள்ளுங்கள், காசு தருகிறோம்’ என்று மின்விநியோக நிறுவனங்கள் முன்கூட்டியே செய்தி அனுப்பியிருந்தன. இரவுச் சாப்பாட்டை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு, நாலு காசு பார்த்தார்கள் மக்கள்.

உக்ரைன் போரால் எரிவாயு விலை எகிறியிருந்த குளிர்காலம் அது. இந்தத் திட்டத்தின் சோதனை ஓட்டங்களில் கலந்துகொண்ட அந்த நிறுவனங்களுக்கு, குறைத்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் 3 பவுண்டு உறுதி என்று அறிவித்தது மின்கட்டமைப்பை நடத்தும் அமைப்பு. அதில் பெரும்பகுதி வீடுகளுக்குப் போனது. அப்போது அங்கே ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஏறக்குறைய 34 பென்ஸ். ஆக, எரித்தால் கொடுக்க வேண்டியதைப் போல ஒன்பது மடங்கு வரை, எரிக்காமல் இருந்தால் கிடைத்தது.

பைத்தியக்காரத்தனமாகத் தோன்றலாம். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொண்டால் விளங்கிவிடும். வந்த கூட்டம் மொத்தமும் முதல் பந்தியிலேயே உட்கார்ந்தால் எத்தனை நாற்காலி, எத்தனை பரிமாறும் ஆள் வேண்டியிருக்கும்! அந்த முக்கால் மணி நேரத்துக்காக இன்னொரு மண்டபம் கட்டுவதைவிட, ‘கொஞ்சம் பொறுத்து அடுத்த பந்திக்கு வாங்க’ என்று நாற்பது பேரை உபசரித்து உட்கார வைப்பது மலிவு. மின்சாரத்திலும் கதை அதுதான். வருடத்தில் சில மணி நேரம் மட்டும் தேவைப்படும் மின்நிலையத்தை மீதி நாளெல்லாம் சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்த ஜனவரியில் பிரிட்டன் அதையும்தான் செய்தது: மூன்று பழைய நிலக்கரி அலகுகளைச் சூடேற்றித் தயாராக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில் சோதனையும் நிஜமுமாக 22 முறை இப்படி அழைப்பு விடுத்தார்கள். வீடுகளும் வணிக நிறுவனங்களுமாக 16 லட்சம் பேர் கலந்துகொண்டு, 33 லட்சம் யூனிட்டுக்கு மேல் மிச்சம் பிடித்தார்கள். வகுத்துப் பாருங்கள், தலைக்கு 2 யூனிட். நம் ஊரில் ஒன்றரை டன் ஏசி இரண்டு மணி நேரம் ஓடினால் தீர்ந்துவிடும். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த 2 யூனிட்டும், கட்டமைப்பு மூச்சுத் திணறும் மணியில் மிச்சமானவை. இரவு 2 மணிக்கு மிச்சம் பிடித்த 2 யூனிட்டுக்கு இந்த மரியாதை கிடையாது.

காசு கொடுத்தால்தான் மக்கள் கேட்பார்களா என்றால், அதுவும் இல்லை. 2022 செப்டம்பர் 6 அன்று கலிபோர்னியா வெந்துகொண்டிருந்தபோது, மாலை ஆறு மணிக்குச் சற்று முன் கோடிக்கணக்கான கைபேசிகள் ஒரே நேரத்தில் அலறின. ‘அவசியமில்லாத மின்சாதனங்களை அணையுங்கள்’ என்று ஒரு வரி. சில நிமிடங்களில் தேவை சரிந்தது. சுழற்சி மின்வெட்டு இல்லாமல் அந்த இரவு கழிந்தது. ஆபத்துக்கு ஒருமுறை கேட்டால் மக்கள் சும்மாவே செய்வார்கள். வாரம் இரண்டு தடவை கேட்டால் காசு கேட்பார்கள். அது நியாயமும்கூட.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘குறைத்தாய்’ என்று சொல்ல, ‘வழக்கமாக எவ்வளவு’ என்று தெரிய வேண்டும். அந்த வழக்கத்தைக் கணக்கிடும் விதத்தில்தான் கெட்டிக்காரர்கள் கை வைப்பார்கள். அமெரிக்காவின் பால்டிமோர் நகர பேஸ்பால் மைதானத்தில், தேவையில்லாத நேரத்தில் விளக்குகளை எரியவிட்டு, பிறகு அவற்றை அணைத்து, ‘பார், குறைத்துவிட்டோம்’ என்று கணக்குக் காட்டிய கதை ஒன்று உண்டு. அந்நாட்டின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரித்து, ஏற்பாடு செய்த நிறுவனத்துக்கு 2013-இல் 7,80,000 டாலர் அபராதம் போட்டது. மைதானத்துக்கே அப்படியென்றால் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

ஏமாற்று வேலையைவிட எங்களை உறுத்துவது இன்னொன்று. மூன்று படுக்கையறையிலும் ஏசி ஓடும் வீட்டுக்கு அணைக்க நிறைய இருக்கிறது. இரண்டு டியூப்லைட்டும் ஒரு மின்விசிறியும் உள்ள வீட்டில் எதை அணைப்பது? இதுவரை அள்ளிச் செலவழித்தவருக்குச் சன்மானம், சிக்கனமாக இருந்தவருக்குப் பூஜ்யம்.

இதை இங்கே பேசக் காரணம் இருக்கிறது. 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. பகலில் சூரியத் தகடுகள் கைகொடுக்கின்றன; பொழுது சாய்ந்ததும் அவை ஓய்ந்துவிட, வீடு திரும்பியவர்கள் ஏசியைப் போடுகிறார்கள். அந்த நேரத்தில் மின்சந்தையில் யூனிட் விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுவது கோடையில் சாதாரணம். மின்வாரியம் அதை வாங்கித்தான் நமக்குக் கொடுக்கிறது.

உயர் அழுத்த இணைப்புள்ள ஆலைகளுக்கு இங்கே உச்ச நேரக் கட்டணம் 25 சதவீதம் கூடுதல். வீடுகளுக்கு? விவசாயம் தவிர மற்றவர்களுக்கும் நேரவாரிக் கட்டணம் 2025 ஏப்ரலுக்குள் வர வேண்டும் என்று மத்திய அரசு 2023-இல் விதி திருத்தியது. நம் வீட்டு பில்லில் அதன் சுவடு தெரியவில்லை. தெரியவும் முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ரீடிங் எடுத்து அட்டையில் எழுதிப் போகிறவருக்கு, 480 யூனிட் ஓடியது தெரியும், எந்த மணிக்கு ஓடியது என்பது எப்படித் தெரியும்? 500-ஐத் தாண்டினால் பில் எகிறும் என்று ரீடிங் தேதிக்குப் பத்து நாள் முன்பே வீட்டில் எச்சரிக்கை மணி அடிப்பவர்கள் நாம். ‘எவ்வளவு’ என்பதை எண்ணுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. ‘எப்போது’ என்று மட்டும் நம்மை யாரும் கேட்டதில்லை.

அப்படிக்கூடச் சொல்ல முடியாது. கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். 2012-இல் சென்னைக்கு 2 மணி நேர மின்வெட்டு என்றால் மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல். மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று நடுராத்திரியில் மோட்டார் கொட்டகையில் காத்திருந்த விவசாயி, உச்ச நேரத் தேவையைக் குறைத்துக் கொடுத்தவர்தான். அவருக்கு யூனிட்டுக்கு இத்தனை என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது காசு தரும் காலம் வந்து, அது ஏசி வீடுகளோடு நின்றுவிட்டால், அதைச் சகித்துக்கொள்ள முடியாது.

எங்களுக்குத் தோன்றும் ஒரு வழி: வீட்டுக்கு வீடு அளக்க ஸ்மார்ட் மீட்டர் வரும்வரை காத்திருக்காமல், தெருமுனை டிரான்ஸ்பார்மரில் அளக்கலாம். மாலை 6.30 முதல் 9.30 வரை அந்த டிரான்ஸ்பார்மரின் சுமை குறைந்தால், கிடைக்கும் தொகையை அதில் உள்ள எல்லா இணைப்புக்கும் சமமாகப் பிரித்து பில்லில் கழிக்கலாம். டியூப்லைட் வீட்டுக்கும் பங்கு. ஓசியில் சிலர் பயன்பெறுவார்கள்தான். ஆனால் குடியிருப்போர் சங்க வாட்ஸ்அப் குழுவின் கெடுபிடியை அனுபவித்தவர்களுக்குத் தெரியும், மாடி வீட்டு மூன்று ஏசியும் எத்தனை நாள் தப்பும் என்று. ஒரு டிரான்ஸ்பார்மரின் கணக்கில் பொய் சொல்வதும் ஒரு வீட்டின் கணக்கில் சொல்வதைப் போல எளிதல்ல. நூறு வீட்டுக்காரர்களும் ஒருமனதாகக் கூட வேண்டும். நம் ஊரில் அது நடக்கிற காரியமா!

அடுத்த கோடைக்குள் ஒரு நகரத்தில், ஒரு பிரிவு அலுவலகத்தின் எல்லைக்குள் இதைச் செய்து பார்க்கலாம். தெருமுனை டிரான்ஸ்பார்மர்களில் எத்தனையில் மீட்டர் இருக்கிறது, அவற்றில் எத்தனை ஓடுகிறது என்று எண்ணுவதிலிருந்து வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.