கொட்டியாரக் குடாவுக்கு அப்பால்

இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றிருந்தும், உயர்ந்த உத்தியோகத்தையும் சுகவாழ்வையும் நாடாது 1924இல் துறவு பூண்ட சுவாமி விபுலாநந்தர், மறு ஆண்டில் ஈழம் மீண்டு, கிழக்கு மாகாணத்துப் பாடசாலைகளையே தமது தவச்சாலைகளாகக் கொண்டார். இராமகிருஷ்ண சங்கத்தின் பரிபாலனத்திலிருந்த திருக்கோணமலை இந்துக் கல்லூரியை வளர்த்ததோடு, 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தையும் நிறுவிய அப்பெரியார், கல்வி பட்டினத்துச் செல்வர்க்கு மாத்திரம் உரிய பொருளன்று என்பதைச் சொல்லாலன்றிச் செயலால் உணர்த்தினார்.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது கட்டணம் என்னும் தடை நீங்கிற்று. ஆயினும், துறைமுகப் பட்டினமாகிய திருக்கோணமலையிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்தும் சுற்றியும் செல்லவேண்டிய மூதூர், ஈச்சிலம்பற்று, வெருகல் ஆகிய பகுதிகளின் உட்கிராமங்களுக்கு, குறிப்பாக 2006ஆம் ஆண்டு யுத்தத்தில் ஊரையே இழந்து பல்லாண்டுகள் கழித்து மீண்ட சம்பூர் மக்களின் குழந்தைகளுக்கு, தூரமும் வறுமையும் இன்னும் தடைகளாகவே நிற்கின்றன. கட்டிடம் எழுப்புதல் அரசாங்கத்தின் கருமம். அதற்கு உயிர் கொடுப்பவர் அவ்வூரிலேயே தங்கிக் கற்பிக்கும் ஆசிரியர். ஆதலால், பட்டம் பெற்று நியமனத்தை எதிர்நோக்கும் இளைஞர்களே, நகரத்துக்கு இடமாற்றம் வேண்டி விண்ணப்பிக்குமுன், சில ஆண்டுகளையேனும் அக்கிராமங்களுக்கு மனமுவந்து அளியுங்கள். விபுலாநந்தருக்கு நாம் செலுத்தத்தக்க மெய்யான அஞ்சலி அதுவே.