எச்சரிக்கை யாருக்குப் புரிய வேண்டும்?

தங்கம், வெள்ளி ஆகியவற்றைப் பிரித்தெடுத்தல், உலோகங்களுக்கு முலாம் பூசுதல், எஃகை வன்மைப்படுத்துதல் முதலிய தொழில்களில் சயனைடு பயன்படுகிறது. சோடியம் சயனைடு அமிலத்துடன் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வாயு வெளியாகும். இவ்வாயுவைச் சுவாசித்தால், இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடலின் உயிரணுக்களால் அதனைப் பயன்படுத்த இயலாது. மூளையும் இதயமும் விரைவில் செயலிழக்கும். இதன் கசப்பு வாதுமை மணத்தை எல்லாராலும் நுகர்ந்தறிய முடியாது. ஆகவே, மூக்கை மட்டும் நம்பித் தப்பிக்க வழியில்லை.

1983ஆம் ஆண்டு, அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையில் துயரம் நிகழ்ந்தது. அங்கே பழைய எக்ஸ்ரே படங்களைச் சயனைடுக் கரைசலில் ஊறவைத்து வெள்ளி எடுக்கப்பட்டது. தொழிலாளர்களுள் பலர் மெக்சிகோ, போலந்து நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள். தலைவலி, மயக்கம், வாந்தி என அவர்கள் அவதியுற்றபோதும் வேலை தொடர்ந்தது. வேலையில் சேர்ந்து இரண்டு மாதங்கூட நிறைவடையாத ஒருவர் பிப்ரவரியில் உயிரிழந்தார். 1985இல் நிர்வாகிகள் மூவர் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. மேல்முறையீட்டில், 1990இல் அத்தீர்ப்பு தள்ளுபடியானது.

தொழிலாளரின் கவனக்குறைவே விபத்துகளுக்குக் காரணம் என்பர் சிலர். கவனம் தேவைதான். ஆனால், எதைக் குறித்துக் கவனமாக இருக்க வேண்டும் என்பதே தெரியாதவரிடம் அதனை எதிர்பார்ப்பது நியாயமாகாது. புரியாத மொழியில் ஒட்டப்படும் எச்சரிக்கை, ஒட்டாத எச்சரிக்கைக்குச் சமம். மேலும், காற்றில் கலந்த நஞ்சைக் கவனத்தால் மட்டும் தடுக்க முடியாது. நச்சுக் காற்றை வெளியேற்றும் கருவி, அபாய மணி, தகுந்த சுவாசக் கவசம் ஆகியவற்றை நிர்வாகமே ஏற்பாடு செய்ய வேண்டும். துத்தநாக முலாம் போன்ற சில வேலைகளைச் சயனைடு இல்லாமலேயே செய்யும் முறைகளும் உள்ளன.

இவற்றுக்குச் செலவாகும் என்பது உண்மையே. எனினும், அச்செலவைத் தவிர்த்தால் அதற்கு ஈடாகத் தொழிலாளி தம் உயிரையே கொடுக்க நேரிடும்.

மலேசியாவின் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளருக்குத் தகவலும் பயிற்சியும் வழங்கும் பொறுப்பை முதலாளிமீது சுமத்துகிறது. பல நாட்டவர் பணியாற்றும் இந்நாட்டில், அத்தகவல் கேட்பவரின் மொழியில் அமைந்தால்தான் சட்டத்தின் நோக்கம் நிறைவேறும். வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. அணை எங்கே இருக்கிறது என்பதைப் புரியும்படி சொல்வதும் அதில் அடங்கும்.