வலியும் காவலும்



முழங்கால் வலித்தால் மருத்துவரை நாடாமல், கடையில் இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு அலுவலைத் தொடர்வது திருவல்லிக்கேணியில் பல இல்லங்களின் வழக்கம். அம்மாத்திரை உடலுக்குள் செய்வது யாது என்று இம்மாதம் சிந்திப்போம்.

உடலில் ஓரிடம் அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ, அங்குள்ள உயிரணுக்களின் கொழுப்பிலிருந்து புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாகிறது. அதனை ஆக்கித் தருவது ‘காக்ஸ்’ எனச் சுருக்கமாக வழங்கும் நொதி. புராஸ்டாகிளாண்டின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. நரம்புகள் வலியை மிகுதியாக உணரச் செய்கிறது. ஆகவே அவ்விடம் சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கிறது. இதுவே அழற்சி. ஆஸ்பிரின் இப்பொருள் உண்டாவதைத் தடுத்தே வலியைத் தணிக்கிறது என்று 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்து அறிஞர் ஜான் வேன் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். இபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் ஆகியவையும் இவ்வழியே செயல்படுகின்றன.

ஆயினும் புராஸ்டாகிளாண்டின் நமக்குப் பகையன்று. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காதபடி காப்பதும், சிறுநீரகத்துக்குப் போதிய இரத்தம் பாயத் துணைநிற்பதும் அதுவே. நொதியைத் தடுக்கும் மருந்து வலியைத் தணிக்கும்போதே இக்காவலையும் தளர்த்துகிறது. அதனை நெடுநாள் உண்போருக்கு இரைப்பைப் புண்ணும் இரத்தக் கசிவும் நேரலாம். முதியோருக்கும், இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்போருக்கும் சிறுநீரகம் கெடும் அபாயம் மிகுதி.

வலி மருந்தின் கேட்டைப் பறவைகளிடமும் நம் நாடு கண்டது. டைக்குளோஃபினாக் ஊசி போடப்பட்ட மாடுகள் இறக்க, அவற்றைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகள் ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தன. 2006இல் கால்நடைகளுக்கான இம்மருந்தை அரசு தடைசெய்தது. பின்னரும் மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எனவே 2015இல், ஊசி மருந்துக் குப்பி 3 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்று ஆணை பிறந்தது. அதனை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கை, பாரிமுனையில் உள்ள நம் உயர்நீதிமன்றம் 2017இல் தள்ளுபடி செய்தது. எஞ்சிய பாறுகள் சில இன்று தமிழகத்தில் மோயாற்றுப் பள்ளத்தாக்கில் வாழ்கின்றன.

கழுகின் உடல் வேறு, நம் உடல் வேறு. எனினும், வலி நீக்கும் மருந்தை அளவும் ஆலோசனையுமின்றிக் கையாளலாகாது என்னும் பாடம் நமக்கும் உரியது. வெறும் வயிற்றில் இம்மாத்திரைகளை உண்ணாதீர்கள். ஒரே வகை மாத்திரைகளை இரண்டு பெயரில் வாங்கிச் சேர்த்து உண்ணாதீர்கள். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். அப்போது ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் இரத்தக் கசிவை மிகுவிக்கும் ஆதலின் அவற்றைத் தவிர்த்து மருத்துவரை நாடுங்கள். அதேவேளை, இதயத்தின் பொருட்டு மருத்துவர் எழுதித்தந்த ஆஸ்பிரினைத் தாமாக நிறுத்துவதும் தவறு.

இல்லத்து முதியோர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி, அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது மறவாமல் காட்டுங்கள்.