ஒளித்து வைக்க அவர்கள் என்ன குற்றம் செய்தார்கள்?

தோட்டங்களை விட்டு வெளியேறி ஷா ஆலம், கிள்ளான் அடுக்குமாடி வீடுகளில் குடியேறிய நம் குடும்பங்கள் ஏராளம். அவற்றுள் சில வீடுகளில், விருந்தினர் வந்தால் ஒரு பிள்ளை மட்டும் உள்ளறையிலேயே இருக்கும். நடக்க முடியாத பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை. "முன்வினை" என்று உறவினர் சொல்ல, பெற்றோர் தலைகுனிந்து நிற்கிறார்கள்.

இந்த நாட்டில் மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்டவர்கள் நாம். வேறுபாடு குறையல்ல, எங்களை எங்களாகவே மதியுங்கள் என்று கேட்கிறோம். அதே நியாயம் நம் வீட்டுக்குள் செல்லாதா?

பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்ப் பாருங்கள். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் இருப்பிடமான அவ்வட்டாரத்தில், பார்வையற்றோர் உடம்புப்பிடி நிலையங்களில் தங்கள் கைத்திறனால் உழைத்துச் சம்பாதிக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இயங்கும் பத்மாவதி கிருஷ்ணன் 2013-இல் நாடாளுமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். தமிழ்நாட்டில், ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். காய்கறி விற்று அவரை வளர்த்தவர் தாய்.

பதக்கம் வாங்கினால்தான் பிள்ளைக்கு மதிப்பு என்பதல்ல. எழுத்து ஓடாத பிள்ளைக்குக் கைத்தொழில் ஓடலாம். வெளியே விட்டால்தானே தெரியும்!

அரசாங்கத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. 2008-இல் உடற்குறையுள்ளோர் சட்டம் வந்தது. ஆனால் மீறுவோரைத் தண்டிக்கும் பிரிவு இல்லாமலேயே அது இயற்றப்பட்டது. அரசியலமைப்பின் 8(2) பிரிவில், பாகுபாட்டுக்கு எதிரான பட்டியலில் 2001-இல் 'பால்' சேர்க்கப்பட்டது, உடற்குறை சேர்க்கப்படவில்லை. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாத நம் பிள்ளைகளோ ஓ.கே.யு. அட்டையே பெற முடியாமல் தவிக்கிறார்கள். இவர்களுக்கு விழுவது இரட்டை அடி.

பெற்றோர்களே! பிள்ளையை மருத்துவரிடம் காட்டிச் சமூக நல இலாகாவில் பதியுங்கள். பத்திரம் இல்லையென்றால் இன்றே முயற்சியைத் தொடங்குங்கள். சிறப்புத் தேவையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019 முதல் உண்டு. மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அந்தப் பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் மறைத்த பிள்ளைக்காக வீதியில் உரிமை கேட்க முடியாது.