வேகத்தின் விலை வெப்பம்

கட்டுகஸ்தோட்டையிலிருந்து தாயார் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உயர்தர வகுப்பிலே தகவல் தொழினுட்பம் பயிலும் அவருடைய மகன், வீட்டிலுள்ள பழைய மேசைக் கணினியை 'ஓவர்குளொக்' செய்து அதன் வேகத்தைக் கூட்டப் போவதாகப் பிடிவாதம் செய்கிறானாம். "புதியது வாங்க எங்களுக்கு வசதியில்லை. உள்ளதையும் இவன் எரித்துவிட்டால் என்ன செய்வேன்? தடுப்பதா, விடுவதா?" என்று கேட்கிறார்.

அம்மையாரின் அச்சம் நியாயமானதே. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. இறக்குமதிப் பொருள்களின் விலை அன்று ஏறிய ஏற்றத்திலே, பழைய கணினியைப் பேணுவது பல குடும்பங்களுக்குத் தவிர்க்க முடியாத கடமையாயிற்று. ஆயினும் மகனுடைய ஆவலும் குற்றமன்று. ஆகவே இருவருக்கும் பொதுவாகச் சில கூறுவோம்.

அவர்கள் வீட்டுக் கணினியிலுள்ளது 2007 இல் வெளிவந்த இன்டெல் கியூ6600 என்னும் புரொசெசர். நட்டுவனாரின் தாளத்திற்கு நர்த்தகி அடியெடுத்து வைப்பது போல, இதுவும் ஒரு தாளத்திற்கு இயங்குகிறது. தாய்ப்பலகை ஒரு வினாடிக்கு 266 மில்லியன் தட்டுத் தட்ட, புரொசெசர் ஒவ்வொரு தட்டுக்கும் ஒன்பது அடி வைக்கிறது. அதுவே 2.4 கிகாஹேட்ஸ். தட்டை 333 மில்லியனாக உயர்த்தினால் வேகம் 3.0 கிகாஹேட்ஸ் ஆகும். மகன் செய்ய விரும்புவது இதுதான்.

இது எங்ஙனம் இயலும்? எல்லாச் சில்லுகளும் பிழையின்றி ஓடக்கூடிய ஒரு வேகத்தையே உற்பத்தியாளர் பொறித்து விற்கின்றனர். நல்ல சில்லுகளிலே பொறித்ததற்கு மேலும் ஆற்றல் மிஞ்சியிருக்கும். 1998 இல் வந்த செலரோன் 300ஏ என்னும் மலிவான புரொசெசர், 300 மெகாஹேட்ஸ் என்று விற்கப்பட்டும் பலருடைய வீடுகளில் 450 மெகாஹேட்ஸ் வேகத்தில் ஓடிப் புகழ் பெற்றது.

ஆனால் வேகம் இலவசமாகக் கிடைப்பதில்லை. புரொசெசரின் வெப்பம் வேகத்தோடு நேராகக் கூடுகிறது. மின்னழுத்தத்தோடோ அதன் வர்க்கத்திற்கேற்பக் கூடுகிறது. வேகத்தை நாலில் ஒரு பங்கு உயர்த்தி, அதனைத் தாங்குவதற்காக மின்னழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு உயர்த்தினால், வெப்பம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. 95 வாற்று 140 வாற்றைத் தாண்டிவிடும். 1000 வாற்று இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டிலே ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஐந்தாறு வாற்று வெப்பமே உண்டு. மூன்று சதுர சென்ரிமீற்றருக்கும் குறைந்த இந்தச் சில்லிலோ, வேகம் கூட்டுமுன்னரே, முப்பது வாற்றுக்கு மேல் இருக்கிறது.

இந்த வெப்பத்திற்கு உற்பத்தியாளரே பணிந்தனர். 4 கிகாஹேட்ஸ் பென்டியம் 4 ஐ வெளியிடும் எண்ணத்தை இன்டெல் நிறுவனம் 2004 ஒக்டோபரில் கைவிட்டது. அதன்பின் ஒரு சில்லிலே பல கருக்களை வைக்கும் வழியே பெருவழியாயிற்று.

"கண்டி குளிர்ந்த ஊர்தானே!" என்று மகன் சொல்லக்கூடும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள நமது நகரம் கொழும்பைவிடக் குளிர்ந்தது என்பது மெய்யே. ஆனால் விசிறி அடிப்பது அறையின் காற்றைத்தான். அறையின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் புரொசெசரும் ஒரு பாகை ஏறும். தைமாத இரவுக்கும் சித்திரை மாத நண்பகலுக்கும் பத்துப் பாகைக்கு மேல் வேறுபாடு உண்டு. தை இரவிலே தேறிய கணினி சித்திரைப் பகலிலே தோற்கலாம்.

இனி மகனுக்கு: வேகத்தைத் தொடுமுன் தூசியைத் தொடுக. மின்னிணைப்பைக் கழற்றி, பெட்டியை விறாந்தைக்குக் கொண்டுபோய், விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் வெப்பமகற்றியின் இடுக்குகளைத் துடைக்க வேண்டும். அதனடியிலுள்ள பழைய பசை காய்ந்து கட்டியாகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டு நெல்மணியளவு புதுப்பசை இடுக. கடையில் 'தேர்மல் பேஸ்ட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். மிகுந்த வெப்பத்தால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்த கணினி, இவ்வளவிலேயே பழைய சுறுசுறுப்பைப் பெற்றுவிடும்.

காற்றுக்கு நுழைவழியும் வெளிவழியும் வேண்டும். அந்தானையிலே, 1925 இல் கட்டப்பெற்று இன்று அருங்காட்சியகமாக விளங்கும் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்கள் அதன் மேல்மாடிகளின் சாளர வரிசையை மறவார். கொழுந்து வாடுவதற்குக் காற்று ஓடவேண்டும். கணினிக்கும் அதுவே விதி. சுவரோடு ஒட்டி வையாது ஒரு சாண் விலக்கி வைக்க. ஐஸ் கட்டியை அருகில் வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். நமது ஈரக்காற்றிலே குளிர்நீர்க் குவளையின் புறத்தே நீர் அரும்புவது போலத் தாய்ப்பலகையிலும் அரும்பும்.

இவற்றின் பின்னரும் ஆவல் தணியாவிடின், பாடக் குறிப்புகளுக்கெல்லாம் வேறிடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குக. அளவு மீறிய வேகம் கணினியை எரிப்பதிலும், கோப்புகளைச் சத்தமின்றிச் சிதைப்பதே அதிகம். மின்னழுத்தத்தை ஏற்றாது, தாளத்தை மட்டும் ஐந்தைந்தாக உயர்த்துக. நினைவகத்தின் வேகம் அதனோடு ஏறிவிடாமல் பார்த்துக்கொள்க. ஒவ்வொரு படியிலும் ஒரு மணி நேரம் முழுவேலை கொடுத்துப் பார்க்க. 70 பாகையைத் தாண்டினாலோ, ஒரு பிழை தோன்றினாலோ, ஒரு படி இறங்குக. தாய்ப்பலகையிலுள்ள கொள்ளளவிகளின் உச்சி புடைத்திருந்தால் இம்முயற்சியே வேண்டாம்.

அம்மையாருக்கு ஒரு கணக்கு: மின்னழுத்தமும் ஏற்றப்பட்டு மேலதிகமாக 50 வாற்று செலவானால், நாளொன்றுக்கு நான்கு மணி நேர முழுவேலைக்கு மாதம் ஆறு யூனிட் மின்சாரம் கூடும். மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால், ஒரு படியின் விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு அது சிறிதன்று. அப்பணத்தைச் சேர்த்து, பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினால், அன்றாட வேலையிலே கண்ணுக்குத் தெரியும் வேகம் ஓவர்குளொக்கினால் வருவதிலும் அதிகம்.

ஆகவே, அம்மையீர், மகனைத் தடுக்க வேண்டாம். முதலில் தூசி துடைக்கச் சொல்லுங்கள். அதன்பின் வெப்பத்தை ஒரு வாரம் கொப்பியில் குறித்து உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு வாரம் பொறுமையாய் இருப்பானாயின், கணினியை அவன் கையில் நம்பிக் கொடுக்கலாம். பொறானாயின், வேகம் கூட்டும் தகுதி அவனுக்கு இன்னும் வரவில்லை என்று கொள்க.